மெலிஞ்சு போனாய்

நெல் நிறுக்கிற தராசில் மனிதர் ஏறுவதென்றால் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சோறாகப் போகிற பொருள் இருந்த தட்டில் செருப்புக் காலை வைக்கக்கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எங்கள் ஜெயபுரத்தில் மறந்துபோய் ஏறினவனை மற்றவர்கள் சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்து இறக்கிவிடுவார்கள்.

அன்றைக்கு எங்கள் வளவில் மாரி மழைக்கு விதைத்த பெரும்போக நெல் மூடை கட்டி முடிந்திருந்தது. நெல் வாங்குகிற யாவாரியின் லொறி வாசல் படலையடியில் நின்றது. வேப்பமரத்துக்குக் கீழே மட்டமான இடம் பார்த்துத் தராசை வைத்து, கடைசி மூடையையும் நிறுத்து ஏற்றியாயிற்று. இனித்தான் விளையாட்டு. மூடைகள் முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறித் தாங்கள் எத்தனை மூடை என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் மனிதருக்குக் கிலோக் கணக்கு இல்லை. பெண்கள் ஏறுவதில்லை. நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்று சிரிப்போம்.

சந்திரன் முதலில் ஏறினான். உழவு மெசின் வைத்திருக்கிறவன், என் கணவரின் பள்ளிக்கூடக் கூட்டாளி. வயிறு அவனுக்கு முன்னே நடக்கும். தராசுப் பெட்டியில் சிவப்பு இலக்கங்கள் துள்ளித் துள்ளி நின்றன.

"மூடையும் காலும்!" என்று யாவாரி சத்தம் போட்டார், ஒன்றேகால் மூடை.

சந்திரன் இறங்காமலே திரும்பிப் பார்த்தான். "டேய் முக்கால் மூடை, எங்கையடா நிக்கிறாய்? வா, ஏறு!"

முக்கால் மூடை என்றால் என் கணவர் பாலன். எத்தனையோ அறுவடையாக அந்தப் பெயர்தான். வருசா வருசம் முதல் ஆளாக ஏறி, கைகளை விரித்து, பயில்வான் மாதிரி நின்று எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். அன்றைக்கு மட்டும், "எனக்கு அலுவல் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டி வைத்த விதைநெல் சாக்கை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவு ராசமணி அக்கா ஆட்டுக் கயிற்றோடு உள்ளே வந்தார். குனிந்து நின்ற என் கணவரைப் பார்த்தார். நிமிர்ந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"தம்பி பரவாயில்லை. இப்ப நல்லா இருக்கிறாய்," என்றார்.

என் கையில் இருந்த கேத்தில் ஆடிப்போயிற்று. கொதிக்கிற தேத்தண்ணி சந்திரனின் காலில் சிந்த, அவன் "ஐயோ அக்கா!" என்று துள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் வாய்

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. 'நல்லா இருக்கிறாய்' என்று சொன்னால் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ராசமணி அக்காவைத் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

அக்காவுக்கு ஆரைக் கண்டாலும் முதல் கதை ஒன்றுதான்: "ஐயோ, மெலிஞ்சு போனாய்!" கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தும் அதுதான், செத்த வீட்டில் அழுகிறவளைப் பார்த்தும் அதுதான். மூடையும் காலும் நிறுக்கிற சந்திரனிடமே, "என்ன தம்பி, மனிசி சாப்பாடு தாறேல்லையோ? தோள் இறங்கிப்போச்சு," என்று மனதாரக் கேட்கிற மனுசி. ஒருநாள் எங்கள் சினைப் பசுவின் முதுகைத் தடவி, "வத்திப்போச்சு" என்றார். அந்தப் பசு வயிறு கனத்து நடக்கமுடியாமல் நின்றது.

பொய் என்று நினைக்காதேயுங்கள். அது நாவூறு பட்டுவிடும் என்ற பயம். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து, கொழுத்துவிட்டாய், நிறம் வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னால், அந்த வாயே அவரைப் படுக்கையில் போட்டுவிடும். அதனால் அன்பான வாய் எப்போதும் 'மெலிஞ்சு போனாய்' என்றுதான் சொல்லும். நான் முன்பள்ளி ரீச்சர். கன்னம் இரண்டும் பணிஸ் மாதிரி ஊதின பிள்ளையை இடுப்பில் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு தாய் வருவாள். "பாருங்கோ ரீச்சர், ஒண்டும் சாப்பிடுறானில்லை, ஈர்க்காப் போனான்," என்பாள். நானும், "ஓம், மெலிவுதான், முட்டை குடுங்கோ" என்பேன். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும்.

ஆக, அக்கா உங்களைப் பார்த்து மெலிஞ்சு போனாய் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

என் கணவரைப் பார்த்து அக்கா அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவை.

சொல் இல்லாமல் போன வருடம்

முதல் தடவை என்றேன். சரியாகச் சொன்னால் இரண்டாவது தடவை.

போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் அக்கா எங்கள் கூடாரத்துக்கு மூன்று கூடாரம் தள்ளி இருந்தார். அப்போதுதான் பழக்கம். நாங்கள் எல்லாரும் எப்படி இருந்தோம் என்று நான் எழுதத் தேவையில்லை. என் கலியாண மோதிரம் விரலில் நிற்கட்டும் என்று நூல் சுற்றிப் போட்டிருந்தேன். தண்ணி பவுசருக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் கழுத்து எலும்பைப் பார்த்தபடிதான் நிற்போம்.

அந்த நாட்களில் நான் கேட்க ஒருவரும் எவரையும் பார்த்து 'மெலிஞ்சு போனாய்' என்று சொன்னதில்லை. யாரும் கூடிக் கதைத்து முடிவெடுக்கவில்லை. அந்தச் சொல் தன்பாட்டில் நின்றுபோயிற்று. மாறாக, "உங்களுக்குப் பரவாயில்லை", "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொள்வோம். சொல்கிறவர் கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டார்.

பிறகு ஊருக்கு வந்தோம். தகரக் கொட்டில் போட்டோம். கிணறு இறைத்தோம். ஒருநாள் காலமை அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றார். நான் அப்போது கொஞ்சம் சதை போட்டிருந்தேன். அட கடவுளே, அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசம்! இனி நாங்கள் உயிரோடு இருக்கப் போகிறோம் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

இப்போது விளங்குகிறதா, வேப்பமரத்தடியில் என் கை ஏன் ஆடியது என்று?

வடிவான மெலிவு

அன்று பின்னேரமே இவரைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சாருங்கோ, சேட்டைக் கழட்டுங்கோ பாப்பம்."

"என்னப்பா, நட்டநடு வளவிலை?"

"வாயைக் காட்டாமல் கழட்டுங்கோ."

கழற்றினார். பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

இவர் எப்போதும் மெல்லிய ஆள். அதுதான் வினை. கொழுத்தவன் மெலிந்தால் ஊர் பார்க்கும். மெல்லிய ஆள் மெலிந்தால் அதற்குப் பெயரே கிடையாது. வயல்காரன் மெலிவாக இருந்தால் 'முறுகின உடம்பு' என்று புகழுவார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் 'மெல்லிய பிள்ளை' என்றால் சீதனத்தோடு சேர்த்து எண்ணுகிற நல்ல விசயம். அதே பிள்ளை கலியாணம் முடித்துப் போய் மெல்லியவளாகவே இருந்தால் மாமியாருக்கு வசை. ஒரே உடம்பு, ஆளுக்கொரு கதை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இவருடைய தங்கைச்சி ஜேர்மனியில் இருக்கிறாள். கிழமைக்கு ஒருநாள் போனில் முகம் பார்த்துக் கதைப்பாள். அறுவடைக்கு முதல் கதைக்கும்போது, "அண்ணா வடிவா மெலிஞ்சிட்டார் அண்ணி! நான் இஞ்சை காசு கட்டி ஓடியும் ஒரு இறாத்தல் குறையேல்லை. என்ன சாப்பாடு குடுக்கிறியள்?" என்று கேட்டாள். இவர் போனைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டு குரக்கன் புட்டு என்று சொன்னேன். எங்கள் மூளைக்கு என்ன நடந்தது என்று இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது. அவளுடைய நாட்டில் மெலிவு என்பது உழைத்து வாங்குகிற சாமான். இங்கே அது தானாக வருகிறது. வந்தால் எதையோ எடுத்துக்கொண்டுதான் போகும்.

சேட்டைக் கழற்றின பிறகுதான் எல்லாம் கண்ணில் பட்டது. இடுப்புப் பட்டியில் ஆணியால் புதிதாகக் குத்தின ஓட்டை. சாரத்தை வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடச் சுற்றிச் செருகியிருந்தார். விடியக்காலையில் நான் உதறிப்போடுகிற தலையணை உறை ஏன் வியர்வையில் ஈரமாக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இருமல் இருந்தது, ஆனால் நெல் வெட்டுகிற மெசின் புழுதிக்கு ஊரே இருமுகிற காலம் அது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம்," என்றேன்.

"உமக்கு விசரே? நெல்லு காசு வரட்டும். பிறகு பாப்பம்."

நெல்லுக் காசு வந்தது. பிறகு வைக்கோல் கட்ட வேண்டும் என்றார். வைக்கோலுக்குப் பிறகு கோயில் பொங்கல். பொங்கலுக்குப் பிறகு மாட்டுக் கொட்டில் கூரைக்குக் கிடுகு. "சுவர் இருந்தால்தானே சித்திரம்!" என்று நான் கத்துவேன். "சுவருக்கு என்ன, நல்லாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, நாலு கிடுகைத் தூக்கமுடியாமல் இரண்டு இரண்டாகத் தூக்குவார். எனக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தது. பயத்தை வெளியே விட்டால் அழுதுவிடுவேன் என்று ஆத்திரத்தை மட்டும் வெளியே விட்டேன்.

வேலிக்கரையில்

கடைசியில் நான் போனது ராசமணி அக்காவிடம். அக்கா வேலிக்கரையில் ஆட்டுக்குக் கிளுவங் குழை வெட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். மறைக்காமல் சொல்லுங்கோ. அண்டைக்கு இவரைப் பாத்து ஏன் மெலிஞ்சு போனாய் எண்டு சொல்லேல்லை?"

அக்கா கத்தியை நிறுத்தவில்லை. "நல்லா இருக்கிறான் எண்டு தானே சொன்னனான்."

"அதுதான் கேக்கிறன். ஏன் சொன்னனீங்கள்?"

குழை இரண்டு விழுந்தது. மூன்றாவது விழவில்லை. அக்கா கத்தியை வேலியில் செருகினார்.

"உண்மையா மெலிஞ்ச ஆளிட்டை அப்பிடிச் சொல்லலாமோ பிள்ளை?" என்றார். "சேட்டுக்குள்ளை ஆள் இல்லை. குனிஞ்சவன் நிமிரேக்கை பாத்தனான்."

"அப்ப எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"எப்பிடிச் சொல்லுறது? முகாமிலை எங்கடை அண்ணருக்கு நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன், அண்ணை மெலிஞ்சு போனியள் எண்டு. வழமையாச் சொல்லுற வாய்தானே, வந்திட்டுது. அண்டையிலிருந்து அந்த மனுசன் தன்ரை கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருந்தது. சாகும் வரைக்கும் பாத்தது." அக்கா மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அதுக்குப் பிறகு நான் மெலிஞ்சவைக்குச் சொல்லுறேல்லை. சும்மா நிக்காதை. கூட்டிக்கொண்டு போ. கட்டி இழுத்தெண்டாலும் கூட்டிக்கொண்டு போ."

நான் வீட்டுக்கு வந்தேன். இவர் கதிரையில் இருந்து காலை நீட்டிக்கொண்டு பாண் சாப்பிட்டார். ஒரு துண்டைக் கடித்து, கனநேரம் சவைத்து, மிச்சத்தைக் கோழிக்குப் போட்டார். நான் எதிரில் இருந்து, கத்தாமல் சொன்னேன்: "ராசமணி அக்காவுக்கு உங்களைப் பாக்கப் பயமாக் கிடக்காம். எனக்கும் பயமாக் கிடக்கு."

அவர் கோழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "எனக்கும்தான்," என்றார். "அதுதானப்பா நான் தராசிலை ஏறேல்லை."

மூன்று பேர் இருந்த சீற்

எங்கள் பக்கத்தில் பஸ் என்பது காலமை வரும், பிறகு எப்ப வருமென்று பிள்ளையாருக்குத்தான் தெரியும். முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பூநகரிக்குப் போய், அங்கிருந்து பரந்தன் சந்தி, சந்தியில் மாறிக் கிளிநொச்சி.

இரண்டு பேர் இருக்கிற சீற்றில் நானும் இவரும் இருந்தோம். பூநகரியில் மீன் பெட்டியோடு ஏறின ஒரு மனுசி, "கொஞ்சம் அரக்குங்கோ" என்றார். இவர் ஜன்னல் பக்கம் தள்ளி இருந்தார். அந்த மனுசி வசதியாக இருந்துகொண்டார். அவரும் மெல்லியவர் இல்லை, நானும் இல்லை. மூன்று பேருக்கும் இடம் போதுமாக இருந்தது. அதுவரைக்கும் நான் அழாமல் இருந்தேன். வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் உப்புவெளி, ஒரு கொக்குக் கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி டொக்டர். எங்கள் மகள் வயசுதான் இருக்கும். மகள் வவுனியாவில் வேலை செய்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

"எவ்வளவு காலமா மெலியிறியள் ஐயா?"

"நான் பிறப்பிலையே மெல்லிய ஆள் டொக்டர். ஊரிலை முக்கால் மூடை எண்டுதான் கூப்பிடுறவை." மனுசனுக்கு அந்த இடத்திலும் பகிடி.

டொக்டர் சிரிக்கவில்லை. "அதைக் கேக்கேல்லை. போன வருசம் போட்ட சேட்டு இப்ப அளவோ?"

இவர் சேட்டைக் குனிந்து பார்த்தார். அது போன வருசச் சேட்டுத்தான்.

சுவரோரம் இருந்த தராசில் ஏறச் சொன்னார்கள். இவர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். நான் பார்த்தேன். முக்காலும் இல்லை.

ஒரு விசர் வேண்டுதல்

படம் எடுத்தார்கள். சளி கேட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். மறுமொழி வாங்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இடைப்பட்ட நாட்களை எப்படிக் கழித்தேன் என்று என்னைக் கேட்காதேயுங்கள். முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு நடுவரியில் நின்றுவிடுவேன். பிள்ளைகள் "ரீச்சர், ரீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுக்கும்.

ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். சீனி வருத்தம் என்றார் ஒருவர். யோசனைதான் என்றார் இன்னொருவர். குடலில் புழு என்றான் சந்திரன். ஒரு மனுசி என்னைத் தனியாக இழுத்துப்போய், ஆரோ செய்வினை வைத்துவிட்டார்கள், எங்கள் விளைச்சலைப் பொறுக்காமல், என்றார். இந்த வருசம் விளைந்த விளைச்சலுக்குச் செய்வினை வைக்கிறவன் முழுப் பைத்தியமாக இருக்க வேண்டும்.

எனக்குள் இரண்டு வருத்தம்தான் மாறி மாறி நின்றது. ஒன்று புற்று. மற்றது கசம், அதுதான் காசநோய். மறுமொழி வாங்கப் போன நாள், ஆஸ்பத்திரி வாங்கில் இவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் ஒரு வேண்டுதல் செய்தேன். உலகத்தில் எந்தப் பெண்சாதியும் அப்படி வேண்டியிருக்கமாட்டாள். 'பிள்ளையாரே, இவருக்குக் கசமாக இருக்கட்டும். கசமாக இருந்தால் உனக்கு நூறு தேங்காய் உடைக்கிறன்.'

டொக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "காசநோய்," என்றார். "குளிசை இருக்கு. மாதக்கணக்கிலை ஒருநாளும் விடாமல் போட்டால் சுகம் வரும்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நல்லது டொக்டர், நல்லது," என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

"சந்தோசப்படுற வருத்தமில்லை அம்மா," என்றார் அவர். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களையும் பாக்கவேணும். ஒரே வீட்டிலை இருக்கிறியள்."

எனக்கும் படம் எடுத்தார்கள். கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். "இப்ப உங்களுக்கு ஒண்டுமில்லை. ஆனா பிறகு இருமலோ மெலிவோ வந்தால் ஓடிவரவேணும், இவரை மாதிரிப் பிந்தக்கூடாது" என்றார் டொக்டர். நான் தலையாட்டினேன். என் நினைப்பு முழுக்க இவருடைய குளிசையில் இருந்தது.

காத்திருந்த வாய்

குளிசையை ஒவ்வொரு நாளும் சுகாதார ஊழியப் பிள்ளைக்கு முன்னால் விழுங்க வேண்டும். முதல் மாதம் வயிற்றைப் பிரட்டும். இவர் தன்னுடைய கோப்பையையும் பீங்கான் தட்டையும் தானே எடுத்து வேறாக வைத்துக்கொண்டார். நான் திருப்பி எடுத்து அடுக்கினேன். அவர் மறுபடி வேறாக வைத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்காமல் கோப்பைக்காகச் சண்டை பிடித்தோம்.

மழை தொடங்கின காலத்தில் ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, "சோறு இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். அவர் கேட்டுச் சோறு போட்டு எவ்வளவு காலம்! சட்டியை வழித்துப் போட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, பசியும் இருக்கவில்லை.

டொக்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் "நல்லது, நல்லது" என்றார். படம் தெளிவு என்றார். எனக்கு அது போதவில்லை. நான் காத்திருந்தது வேறொரு வாய்க்கு.

ராசமணி அக்கா இவரைக் காணும்போதெல்லாம், "தம்பி நல்லா இருக்கிறாய்" என்றார். இவர் உண்மையிலேயே கொஞ்சம் தேறியிருந்தார், அக்காவோ இன்னும் நல்லா இருக்கிறாய் என்றே சொன்னார். படம் எடுக்கிற மெசினுக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரிகிறதோ? ஒருநாள் அரிசி களையும்போது என் வளையல் ஒன்று கழன்று சட்டிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலியைப் பார்த்தேன். அக்கா அந்தப் பக்கம் நின்று இவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்கக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் வேப்பமரத்தடி

அடுத்த பெரும்போகம் வந்தது. குளிசை முடிந்து, சுகம் என்று சொல்லி அனுப்பியும் விட்டார்கள். லொறி படலையடியில் நின்றது. தராசு அதே இடத்தில் இருந்தது. கடைசி மூடையும் ஏறியாயிற்று.

சந்திரன் தன் முறைக்கு ஏறி, மூடையும் காலும் என்று கேட்டு, இறங்கினான். இவரைக் கூப்பிடவில்லை. எல்லாரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவர் செருப்பைக் கழற்றினார். போய்த் தராசில் ஏறினார். பழையபடி கைகளை விரித்துப் பயில்வான் மாதிரி நின்றார். சிவப்பு இலக்கங்கள் துள்ளின.

"முக்கால் மூடை!" யாவாரியைவிடச் சந்திரன்தான் முதலில் கத்தினான். "முக்கால் மூடை திரும்பி வந்திட்டானடா!"

சிரிப்பும் சத்தமும் கேட்டு ராசமணி அக்கா ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். நான் கேத்திலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி," என்றார் அக்கா, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இப்பிடி மெலிஞ்சு போனாய்? மனிசி சாப்பாடு தாறேல்லையோ?"

நான் கேத்திலை நிலத்தில் வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை. யாவாரி பார்த்தார், சந்திரன் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு வருசமாக உள்ளே கட்டி வைத்தது முழுக்க வெளியே வந்தது. இவர் தராசில் நின்றபடியே, "விசரி, எனக்குச் சுகம் எண்டுதானே அழுகிறீர்?" என்று சிரித்தார். நானும் அழுதழுது சிரித்தேன்.

அக்கா கிட்ட வந்து என் தோளில் கை வைத்தார். பழக்கமான கைதான். அது தோளில் இருந்து முழங்கை வரைக்கும் மெதுவாக இறங்கி, அங்கே நின்றது. முகத்தைப் பொத்தியிருந்த கையில் என் வளையல்கள் இரண்டும் தளர்ந்து இறங்கி அவருடைய கைக்கு வந்து முட்டின.

"ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்றார். "உனக்கு என்ன குறை? நீ இப்ப நல்லாத்தானே இருக்கிறாய்."

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அக்கா ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றேன். "மெலிஞ்சு போனாய் எண்டு சொல்லுங்கோவன்."

அக்கா கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கையில் கட்டினார்.

இவர் இறங்கினதும் லொறிக்காரர் தராசைத் தூக்கக் குனிந்தார். "அண்ணை, பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு நான் செருப்பைக் கழற்றினேன்.